கார்புரேட்டருக்கு வைத்த பெட்டித் தாள்

காலை ஏழு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு மோட்டார்ச் சத்தம் நின்றது.

நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. அந்த வாரம் தினமும் ஏழேகாலுக்கு நான் தேயிலை பெக்டரியின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு நடுவே, ஜன்னலோரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். கொழுந்து எப்படி வாடுகிறது என்று பார்ப்பதாக மற்றவர்கள் நினைத்தார்கள். நான் கீழே தண்ணீரில் போகும் படகின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பதினொரு நிமிடம். ஏழு பதினெட்டுக்குக் கிளம்பினால் ஏழு இருபத்தொன்பதுக்குச் சத்தம் அக்கரையில் அடங்க வேண்டும். திங்களும் செவ்வாயும் அப்படித்தான் அடங்கியது. புதன்கிழமை நாலாவது நிமிடத்தில் அடங்கியது.

படகில் என் மகள் இருந்தாள். மோட்டாரின் கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டியவன் நான்.

அணை கட்டி முடித்து, பள்ளத்தாக்கில் தண்ணீர் ஏறிய முதல் வருடம் அது. ஹட்டன் பக்கத்தில் பல தோட்டங்களை அந்தத் தண்ணீர் நனைத்தது. எங்கள் தோட்டத்தை இரண்டாகவே பிரித்துவிட்டது. பெக்டரியும் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவும் உத்தியோகத்தர் வீடுகளும் இந்தப் பக்கம் நின்றன. தொழிலாளர்கள் குடியிருக்கும் கீழ் டிவிசன் லயங்களும் தோட்டப் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம் நின்றன. நடுவிலிருந்த ரோடும் மூணாம் நம்பர் மலையின் தேயிலையும் உள்ளே போயின. சுற்றுப்பாதையில் அக்கரைக்கு எட்டு மைல். அதனால் துரை கொழும்பிலிருந்து ஒரு படகும், அதன் பின்னால் மாட்டும் மோட்டார் ஒன்றும் தருவித்தார். தபால், மருந்து, அரிசி எல்லாம் அக்கரை போக என்று சொல்லி வாங்கியது. சனிக்கிழமைகளில் துரை அதில் போய்த் தூண்டில் போட்டார். தண்ணீருக்கு அப்போதுதான் ஒரு வயது. மீன் இன்னும் வந்து சேரவில்லை. அதைத் துரையிடம் யாரும் சொல்லவில்லை.

படகை ஓட்ட ஆள் தேவைப்பட்டது. மலைநாட்டில் படகோட்டியை எங்கே தேடுவது? தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆட்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் ஒருமுறை தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இந்தியா போய்த் திரும்பியவர். இரண்டு தடவையும் வாந்தி எடுக்காதவர். தோட்டத்தில் அவரைவிடக் கடல் தெரிந்தவர் இல்லை. நீச்சல் அவருக்கும் தெரியாது. அந்தக் குளிரில் எங்களில் யாருக்கும் தெரியாது.

என் மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. படித்துத் தேறி, கீழ் டிவிசன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். படகில் போக வேண்டாம் என்று நான் முதல் நாளே சொன்னேன்.

“அப்ப எட்டு மைல் நடக்கட்டுமாப்பா?” என்றாள்.

நான் பயந்த சுபாவம். அவள் குழந்தையாக இருந்தபோது அட்டை கடித்ததற்கே அவளைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடியிருக்கிறேன். அட்டை கடிக்காத காலே இல்லாத ஊரில் அது பெரிய கேலியாயிற்று. அதன் பிறகு பயத்தை வெளியே காட்டாமல் பழகிக்கொண்டேன். உள்ளே அது குறையவில்லை.

கார்புரேட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

மழைக்காலம் முடிந்து மோட்டாரை மறுபடி எடுத்தபோது அது இருமியது. பத்துத் தடவை கயிறு இழுத்தால் ஒரு தடவை பிடிக்கும். பிடித்தாலும் வேகம் கூட்டினால் அடங்கிவிடும். துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் பெக்டரியில் உதவி டீமேக்கர், தேயிலைத் தூளின் பக்குவம் பார்க்கும் டீமேக்கர் ஐயாவுக்கு அடுத்த ஆள். தேயிலை அரைக்கும் உருளைகளை ஓட்டும் பெரிய டீசல் எஞ்சினும் என் பொறுப்பில் இருந்தது.

“உனக்கு இஞ்சின் தெரியும்தானே?” என்றார் துரை. அவருக்குத் தெரிந்த தமிழில் ‘உனக்கு’ மட்டும்தான் இருந்தது, ‘உங்களுக்கு’ இல்லை.

“தெரியுங்க துரை.”

“அப்போ செய்.”

டீசல் எஞ்சினில் கார்புரேட்டர் என்ற ஒன்றே கிடையாது. பதினேழு வருடம் எஞ்சினோடு இருந்தும் நான் அதுவரை ஒரு கார்புரேட்டரைத் தொட்டதில்லை. இதைத் துரையிடம் சொல்லியிருக்கலாம். ‘தெரியும்தானே’ என்று கேட்பவரிடம் ‘தெரியாது’ என்று சொல்வது தோட்டத்தில் வழக்கமில்லை. அதோடு மோட்டாரோடு வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் துரை கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்துக்கு நான் பரிசு வாங்கியவன். புத்தகம் இருந்தால் எதையும் செய்துவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு அந்தப் பரிசோடு வந்தது.

வேலையைப் பெக்டரியில் செய்ய முடியாது. தேயிலை பக்கத்தில் இருக்கிற வாசம் எதையும் இழுத்துக்கொள்ளும். சல்லடைக் கூடத்துக்குள் வெங்காயம் தின்றுவிட்டுப் போகக்கூடாது, தலையில் வாச எண்ணெய் வைக்கக்கூடாது. பெட்ரோல் என்ற சொல்லையே டீமேக்கர் ஐயா முகம் சுளித்துத்தான் சொல்வார். ஆகவே மோட்டாரை வீட்டுக்குத் தூக்கிவந்து, சமையலறைக்குப் பின்னாலிருந்த பலகையில் கிடத்தினேன்.

கார்புரேட்டர் என்பது கைக்குள் அடங்குகிற ஒரு சின்னச் சாமான். பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. அடியில் ஒரு கிண்ணம். கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும். அதில் ஒரு தக்கை மிதக்கும். தக்கை மேலே வந்தால் ஓர் ஊசி வழியை அடைக்கும்; இறங்கினால் திறக்கும். கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலே போவது ஜெட் என்ற துளை வழியாக. அந்தத் துளையில் தலைமுடி ஒன்று நுழையும், இரண்டு நுழையாது. மொத்தச் சங்கதியும் அந்தத் துளையில்தான் இருக்கிறது.

கிண்ணத்தைத் திறந்தேன். மழைக்காலம் முழுக்க உள்ளேயே நின்ற பெட்ரோலும் எண்ணெயும் காய்ந்து, பலாப்பிசின் போலப் பச்சையும் பழுப்புமாக ஒட்டியிருந்தது. கழற்றிய சாமான்களை வரிசையாகப் பலகையில் வைத்தேன். புத்தகப் படத்தில் இருபத்து மூன்று சாமான்கள். என்னிடம் இருபத்து நான்கு இருந்தன. அரை மணி நேரம் யோசித்தேன். மகள் வந்து பார்த்து, “இது உங்க சட்டைப் பொத்தான்ப்பா” என்றாள்.

எல்லாவற்றையும் ஒரு பால் டின்னில் பெட்ரோல் ஊற்றி ஊறவைத்தேன். பழைய பல் பிரஷால் தேய்த்தேன். ஜெட்டைக் கம்பியால் குத்தக்கூடாது, துளை பெரிதாகிவிடும் என்று புத்தகம் எச்சரித்தது. அதனால் சைக்கிள் பம்பை வைத்துக் காற்றடித்தேன். பிறகு ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தேன். சின்ன வட்டமாக வெளிச்சம் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“ஓட்டையத்தானே காட்டுறீங்க?” என்றாள். “ரசம் வச்சா பெட்ரோல் வாசம், சோறு வடிச்சா பெட்ரோல் வாசம். சீக்கிரம் முடிச்சு அனுப்புங்க, புண்ணியமாப் போகும்.”

வியாழக்கிழமை பெக்டரி வாசலில் டீமேக்கர் ஐயா என்னை நிறுத்தினார். என் கையைப் பிடித்து மோந்து பார்த்தார். அவருடைய மூக்கு தோட்டத்தின் சொத்து. எனக்கு நாற்பத்தாறு வயதாகியும் அவருக்கு நான் தம்பிதான்.

“தம்பி, உள்ள வராதீங்க.”

“சோப்புப் போட்டுக் கழுவிட்டேங்க.”

“சோப்பு வாசமும் வருது. அதுவும் ஆகாது.”

“எலுமிச்சம்பழம் தேச்சுட்டு வரவாங்க?”

“எலுமிச்ச வாசத்தோட டீத்தூள் போட்டு லண்டனுக்கு அனுப்பவா? வாசம் போற வரைக்கும் வீட்டுல இருங்க.”

இப்படி எனக்கு இரண்டு நாள் கிடைத்தது. அந்த இரண்டு நாளில்தான் தவறு நடந்தது.

கிண்ணத்துக்கும் மேல்பாகத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய அட்டை வளையம் இருக்கும். பேக்கிங் என்பார்கள். இரண்டு உலோகமும் ஒட்டுகிற இடத்தில் பெட்ரோல் கசியாமல் அது தடுக்கும். கழற்றியபோது பழைய பேக்கிங் துண்டு துண்டாகக் கிழிந்து வந்துவிட்டது. புதியது போடவும் என்று புத்தகம் சொன்னது. எங்கே கிடைக்கும் என்று சொல்லவில்லை. கொழும்புக்கு எழுதினால் மூன்று வாரம் ஆகும். மூன்று வாரம் என் மகள் தினமும் போக எட்டு, வர எட்டு மைல் நடக்க வேண்டும்.

மகள் தான் பாடம் எழுதும் அப்பியாசக் கொப்பியின் அட்டையைக் கிழித்துத் தந்தாள். அது ஈரத்தை உறிஞ்சும் என்று வேண்டாமென்றேன். எனக்கு அதைவிட நல்லது தெரிந்திருந்தது.

தேயிலைப் பெட்டிக்குள் ஒரு தாள் விரிப்போம். ஒரு பக்கம் வெள்ளியாக மினுங்கும் உலோகத் தகடு, மறுபக்கம் கெட்டிக் காகிதம், இரண்டும் ஒட்டியது. எங்கள் தோட்டத்தில் அந்தத் தாள் இல்லாத வீடு இல்லை. அலமாரித் தட்டில் விரிப்பது அது. கூரை ஒழுகினால் செருகுவது அது. பிள்ளைகளின் புத்தகத்துக்கு உறை அது. தீபாவளிப் பலகாரத்தைச் சுற்றுவதும் அதுதான். எதை மூட வேண்டுமென்றாலும் எங்கள் கை அந்தத் தாளுக்குத்தான் போகும். நானும் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. கப்பலில் வாரக்கணக்காகப் போய்ச் சேரும் வரை கடல் ஈரத்தை உள்ளே விடாத தாள், ஒரு கிண்ணம் பெட்ரோலை வெளியே விட்டுவிடுமா என்று யோசித்தேன். இந்த யோசனையில் என்ன குறை என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது குறை எதுவும் தெரியவில்லை.

தாளை இரண்டாக மடித்து, கிண்ணத்தின் விளிம்பில் வைத்து, சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினேன். விளிம்பே கத்தியாகித் தாளை வெட்டிக் கொடுத்தது. ஆணியால் நான்கு துளை போட்டேன். கச்சிதமான வளையம். பூட்டினேன். தண்ணீர் நிரப்பிய பீப்பாயின் விளிம்பில் மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பில் பிடித்தது. பக்கத்து வீடுகளிலிருந்து வந்து பார்த்தார்கள். படகுக்காரர் மோட்டாரைத் தடவிக் கொடுத்து, “ஐயா கைபட்டா கழுதையும் ஓடும்” என்றார். நான் மகளைப் பார்த்து, “இனி இது புது மோட்டார் மாதிரி” என்றேன். அதை நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

திங்கள் சரியாக ஓடியது. செவ்வாயும் ஓடியது. செவ்வாய்க்கிழமை மாலை கைகால் கழுவப் பின்பக்கம் போனவன், பலகையின் கீழே அந்தப் பால் டின் இருப்பதைப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சம். வெட்டி எறிந்த தாள் ஓரம் ஒன்று அதற்குள் விழுந்து கிடந்தது. அதை எடுத்தேன். காகிதம் தனியாகவும் வெள்ளித் தகடு தனியாகவும் கையில் வந்தன. இரண்டையும் ஒட்டியிருந்த மெழுகைப் பெட்ரோல் கரைத்துவிட்டிருந்தது. விரலால் தேய்த்தேன். தகடு பொடிப்பொடியாக உதிர்ந்து, விரலில் மீன் செதில் போல மினுங்கியது.

விரலைச் சட்டையில் துடைத்தேன். பிறகு உள்ளே போய், கொழும்புக்குப் புது பேக்கிங் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன். அழகான ஆங்கிலக் கடிதம். மகளிடம் எதுவும் சொல்லவில்லை. இரண்டு நாள் ஓடிய மோட்டார், சனிக்கிழமை வரை ஓடட்டும், சனிக்கிழமை துரை மீன் பிடிக்கக் கேட்பதற்கு முன்னால் கழற்றி வேறு ஏதாவது வைத்துவிடலாம் என்று எனக்கு நானே சொன்னேன். உண்மை அதுவல்ல. ‘புது மோட்டார் மாதிரி’ என்று சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. மகள் முன்னால் அதைத் திருப்பி வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான். இத்தனை பயப்படுகிறவன் அந்த ஒரு மாலை பயப்படத் தவறினேன்.

புதன்கிழமை ஏழு இருபத்திரண்டுக்கு ஜன்னலில் நின்றவன் எப்படி மூன்று மாடிப் படிகளையும் இறங்கினேன் என்பது நினைவில்லை. கீழே தண்ணீரே தெரியவில்லை. பனிமூட்டம் பால்கட்டியாக நின்றது. கரையில் நின்று கூப்பிட்டேன். மகளின் பெயரை அந்த மாதிரி நான் கூப்பிட்டதில்லை. பதில் வந்ததா, என் குரலே மலையில் மோதித் திரும்பியதா என்று தெரியவில்லை.

படகு நின்ற இடம் எனக்கு மனக்கணக்கில் தெரிந்தது. நாலு நிமிடம் என்றால் மூணாம் நம்பர் மலைக்கு மேலே. அங்கே கொழுந்து நிறுக்க எத்தனையோ தடவை போய் நின்றிருக்கிறேன். மேட்டிலிருந்து பார்த்தால் ரோடு அடியில் கயிறு போலத் தெரியும். அந்த ஆழத்தை நான் கால்நடையாகவே ஏறி இறங்கியிருக்கிறேன். அதை நினைக்காமல் இருக்க முயன்றேன், முடியவில்லை. வேறு படகு இல்லை. துடுப்பு இரண்டு இருந்தது. ஒன்று அக்கரையில் மருந்துக் கொட்டகைக் கதவுக்கு முட்டாக நின்றது. ஒரே துடுப்பால் வலித்தால் படகு வட்டம் போடும்.

டீமேக்கர் ஐயா இறங்கி வந்தார்.

“என்னா தம்பி, சத்தம் நின்னு போச்சு?”

“ஐயா, சங்கு ஊதச் சொல்லுங்க. பனியில அவங்களுக்கு எந்தப் பக்கம் கரைன்னு தெரியாது. சத்தத்த வச்சாவது திரும்பட்டும்.”

“நேரமில்லாத நேரத்துலயா?”

“எம் மக இருக்காங்கய்யா அதுல.”

அவர் மேலே பார்த்துக் கையைக் காட்டினார். பெக்டரிச் சங்கு ஊதத் தொடங்கியது. ஊதிக்கொண்டே இருந்தது.

நேரமில்லாத நேரத்தில் சங்கு விடாமல் ஊதினால் பெக்டரியில் தீ என்று அர்த்தம். அதை நான் மறந்துவிட்டேன், அவரும் மறந்துவிட்டார். கால்மணி நேரத்தில் மேல் மலைகளிலிருந்து கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள். இக்கரையின் மேல் டிவிசன் லயங்களிலிருந்து ஆண்கள் வாளி நிறையத் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். பெக்டரியில் தீ இல்லாததைப் பார்த்து, எங்களைப் பார்த்துக் கீழே வந்தார்கள். அப்படியாக ஒரு பெரிய ஏரியின் கரையில், வாளிகளில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு தோட்டமே நின்றது.

“எங்கங்க தீ?” என்றார் ஆட்களை மேற்பார்க்கும் ஒரு கங்காணி, மூச்சு வாங்க.

“தீ இல்ல. படகு நின்னு போச்சு.”

“படகுல தீயா?”

விஷயம் புரிந்ததும் அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு, அக்கரைக்குச் சுற்றுப்பாதையில் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் கேட்கவில்லை. அவரே போனார்.

“மோட்டார்ல என்னா செஞ்சீங்க?” என்று டீமேக்கர் ஐயா என் காதருகே கேட்டார்.

“பேக்கிங் மாத்துனேங்க.”

“என்னா பேக்கிங்?”

“பெட்டித் தாளுங்க.”

“நம்ம தாளா?”

“நம்ம தாளுதாங்க.”

“நம்ம தாளு நல்ல தாளாச்சே, தம்பி” என்றார். அவர் குரலில் மனத்தாங்கல் இருந்தது.

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. அவருக்குச் சொன்னதைத் துரைக்கும் சொன்னேன். துரை கோட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு, தீயணைக்கும் மணல் வாளி ஒன்றோடு வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை மாலை டின்னில் பார்த்ததையும் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் பேசினார். ஆங்கிலம் எனக்குத் தெரியும் என்பதால் அதை இங்கே எழுதவில்லை. பிறகு அவர் மணல் வாளியைக் கீழே வைத்துவிட்டு, கைகளை வாயருகே குவித்து, எல்லோரையும்விடச் சத்தமாக என் மகளின் பெயரைக் கூப்பிட்டார். தப்பாகத்தான் உச்சரித்தார். ஆனால் அவருக்கு அவள் பெயர் தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

என் மனைவி வந்தபோது மணி எட்டரை இருக்கும். கூட்டம் வழிவிட்டது. அவளிடம் சொல்வதற்கு நான் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் கூட்டத்தில் யாரோ ஒரு பெண் ஏற்கெனவே, “ஐயா பெட்டித் தாள வெட்டி வச்சுட்டாராம்க்கா” என்று சொல்லிவிட்டிருந்தாள்.

“தெரிஞ்சுதான் அனுப்புனீங்களா?” என்றாள் மனைவி.

“நேத்துச் சாயந்தரந்தான் தெரிஞ்சுச்சு.”

“நேத்துச் சாயந்தரம் தெரிஞ்சுச்சு. இன்னைக்குக் காலையில அவ ரொட்டி சுத்திக்கிட்டுக் கெளம்பும்போது நீங்க அங்கதான் நின்னீங்க.”

“ஆமா.”

“‘குடை எடுத்துக்கிட்டியா’ன்னு கேட்டீங்க.”

அவள் சற்றுத் தள்ளிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு இடம் விட்டா, என்னைவிட்டு விலகியா என்று தெரியவில்லை. நான் உட்காரவில்லை.

பத்து மணிக்குக் காற்று எழுந்தது. பத்தரைக்குப் பனி கிழிய ஆரம்பித்தது. முதலில் அக்கரை மலையின் உச்சி தெரிந்தது, பிறகு லயத்துக் கூரைகள், பிறகு பள்ளிக்கூடம். கடைசியாகத் தண்ணீர் தெரிந்தது. கரையிலிருந்து கரை வரைக்கும் முழுசாகத் தெரிந்தது. அதில் எதுவும் இல்லை.

சங்கை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தண்ணீர் நன்றாகத் துடைத்துவைத்த மேசை போல இருந்தது. இவ்வளவு வருடத்துக்குப் பிறகு, இதை எழுதும்போதுகூட, அந்த மேசை வந்துவிடுகிறது. மகளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவளிடமிருந்து கடிதம் ஒரு வாரம் தள்ளி வந்தால் எனக்கு அந்தத் தண்ணீர்தான் தெரிகிறது.

பதினொன்றேகாலுக்குக் கங்காணி திரும்பி வந்தார். கால்சட்டை முழுக்கச் சேறு. சைக்கிளை எங்கோ விட்டுவிட்டு வந்திருந்தார். அவர் என்னைப் பார்க்காமல் டீமேக்கர் ஐயாவைப் பார்த்துப் பேசினார்.

“அங்க வந்து சேரலீங்க. பிள்ளைங்க எல்லாம் பள்ளிக்கூடத்து வாசல்லயே உக்காந்திருக்குதுங்க.”

துரை அணைக்கட்டு ஆபீசுக்குத் தொலைபேசி பண்ண மேலே போனார். சில ஆண்கள் எண்ணெய்ப் பீப்பாய்களைக் கட்டித் தெப்பம் செய்யலாம் என்று பேசினார்கள். பீப்பாய்களை உருட்டிவந்தார்கள். நானும் போய் ஒன்றை உருட்டினேன். நான் மோட்டாரைச் சோதித்துப் பார்த்த பீப்பாய் அது. கயிறு கட்டும்போது என் முடிச்சு நழுவியது; ஒருவர் கயிற்றை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். “நீங்க இருங்கய்யா” என்றார். அது மரியாதையா, இனி எதையும் நான் கட்ட வேண்டாம் என்பதா என்று அப்போதும் தெரியவில்லை. அவர் கட்டியது கெட்டியாக இருந்தது.

தெப்பம் பாதி முடிந்திருந்தபோது, ஒரு மணி பத்து நிமிடம் இருக்கும், கூட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு பெண் கத்தினாள். எல்லோரும் தண்ணீரைப் பார்த்தோம். அவள் தண்ணீரைக் காட்டவில்லை. எங்கள் கரையிலேயே, வளைவுக்கு அப்பால் இருக்கும் காடாய்ப் போன பழைய தேயிலைப் பக்கம் கையைக் காட்டினாள்.

புதரை விலக்கிக்கொண்டு என் மகள் வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. ஒரு கையில் செருப்பு, மறுகையில் குடை. தலை முழுக்கக் காய்ந்த இலை. கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் கோடாக இறங்கியிருந்தது. பின்னால் படகுக்காரர் மோட்டாரைத் தோளில் சுமந்துகொண்டு, கோயில் திருவிழாவில் பிள்ளையைத் தூக்கி வருகிறவர் போல வந்தார்.

“காத்து இங்கிட்டே தள்ளிருச்சுங்க!” என்று அவர் தூரத்திலிருந்தே கூவினார். “வளைவுக்கு அங்கிட்டு முங்கிக் கெடக்குற மரத்துல போயிச் சிக்கிக்கிட்டோம். கிளையப் புடிச்சுப் புடிச்சுக் கரையேறுறதுக்குள்ள உச்சி வெயில் வந்திருச்சு. சங்கு வேற நாலு பக்கமும் கேக்குது, எந்தப் பக்கம்னு நம்புறது? ஏன், பெக்டரியில தீயா?”

என் மனைவி ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டே முதுகில் இரண்டு அடியும் கொடுத்தாள். கொழுந்தெடுக்கும் பெண்கள் அழுதார்கள். டீமேக்கர் ஐயா தன் மூக்கைத் துடைத்துக்கொண்டார். துரை மேலேயிருந்து பாதி வழி இறங்கி வந்து, பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

நான் இருந்த இடத்திலேயே நின்றேன். கூட்டம் முழுக்க என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது. மகள் தாயிடமிருந்து விலகி என்னிடம் வந்தாள். நெருங்கி வந்து, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று குரலை நன்றாகத் தாழ்த்தினாள்.

“அப்பா, நடுத்தண்ணியில கிண்ணத்தக் கழட்டிப் பாத்தேன். ஜெட்டுல நம்ம பெட்டித் தாளு அடைச்சிருந்துச்சு, பேக்கிங்கும் கூழாப் போயிருந்ததால திருப்பிப் பூட்ட வழியில்ல. நான் எல்லாத்தையும் நோண்டி எடுத்துத் தண்ணியில போட்டுட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களும் அம்மாகிட்ட சொல்லிராதீங்க.”